222 தொகுதி, ஒன்றிலும் பெரும்பான்மை இல்லை: செந்தூல் நண்பருக்கு ஒரு பதில்

செந்தூலில் இருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி இது: "மலேசியாவில் 222 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒன்றில்கூட இந்தியர் பெரும்பான்மை இல்லை. விகிதாச்சாரத் தேர்தல் முறை வந்தால் நம் குரல் உயருமா, அல்லது நமக்கென்று இடங்களை ஒதுக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழியா?" பார்வைக்கு ஒரே கேள்வி, உள்ளே மூன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லாருடைய ஓட்டுக்கும் ஒரே எடை இருக்கிறதா என்பது முதலாவது. கட்சிகள் வாங்கிய ஓட்டுக்கும் பெற்ற இடங்களுக்கும் பொருத்தம் உண்டா என்பது இரண்டாவது; விகிதாச்சார முறை சரிசெய்ய முயல்வது இதைத்தான். எங்கும் சிறுபான்மையாகவே வாழும் ஒரு சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நம் காப்பிக்கடை விவாதங்கள் பாதியில் நின்றுபோகின்றன. நான் பட்டர்வொர்த்தில் வழக்கறிஞர். தொகுதி எல்லை ஆட்சேபங்கள், வாக்கு எண்ணும் முகவர்களுக்கான பயிற்சி என்று பல ஆண்டுகள் இந்த வேலையிலேயே போயிருக்கின்றன. எந்தக் கட்சியிலும் உறுப்பினன் இல்லை.

முதல் கேள்விக்கான பதிலில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எடை ஒன்றாக இல்லை. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள்; சரவாக்கின் இகானில் 28 ஆயிரத்துச் சொச்சம். இரண்டுக்கும் மக்களவையில் ஆளுக்கு ஒரு நாற்காலி. மேடையில் கைதட்டல் வாங்க இந்தப் பத்து மடங்குக் கணக்கு உதவும். சட்டப்படி வாதாட உதவாது. தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை சொல்வது ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் தொகுதிகளைப் பற்றி மட்டுமே. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை 46ஆவது விதி நேராக எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது: சரவாக்குக்கு 31, ஜொகூருக்கு 26, சபாவுக்கு 25, பேராக்குக்கு 24, சிலாங்கூருக்கு 22, நம் பினாங்குக்கு 13. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கும் என்று தேடினால் விதியில் எதுவும் அகப்படாது. 36 லட்சம் வாக்காளர்களைத் தாண்டிய சிலாங்கூருக்கு, 20 லட்சத்தை ஒட்டிய பேராக்கைவிட இரண்டு இடம் குறைவு. மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் மாறிவிடுமே என்று தமிழ்நாடு கவலைப்படுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். மக்கள்தொகை எப்படி மாறினாலும் இடங்கள் மாறாது என்பது நம் நாட்டுக் கவலை.

ஆகவே ஒரே மாநிலத்துக்குள் பாருங்கள். பாங்கி இருக்கும் அதே சிலாங்கூரில்தான் 50 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டிய சபாக் பெர்ணமும் இருக்கிறது. பினாங்குத் தீவில் பாயான் பாருவுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், தஞ்சோங்குக்கு 58 ஆயிரம். கிராமப்புற வாக்காளர்களைச் சென்றடைவது கடினம் என்பதால் அத்தகைய தொகுதிகளுக்குச் சற்றுச் சலுகை காட்டலாம் என்று அதே அட்டவணை அனுமதிக்கிறது, நியாயமான சலுகைதான். சரவாக்கின் உலு ராஜாங் போன்ற ஒரு தொகுதியில் படகிலும் காட்டுப்பாதையிலும் அலைய வேண்டிய உறுப்பினரை பிரிக்பீல்ட்ஸில் நடந்தே ஆள்களைப் பார்க்கும் உறுப்பினரோடு ஒப்பிட முடியாது. ஆனால் தஞ்சோங் ஜார்ஜ் டவுனின் நடுவில் இருக்கிறது. 2022இல் 43 ஆயிரம் வாக்காளர்களைக்கூட எட்டாத, அரசாங்க அலுவலக நகரான புத்ராஜெயாவில் எந்தக் காட்டாற்றைக் கடக்க வேண்டும்?

தொடக்கத்தில் இப்படி இல்லை. அரசியலமைப்பை வகுக்க அமைக்கப்பட்ட ரீட் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1957ஆம் ஆண்டின் அரசியலமைப்பில், சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் எந்தத் தொகுதியும் கூடவோ குறையவோ கூடாது என்ற வரம்பு இருந்தது. 1962இல் ஒரு கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவே இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். 1973இல் அந்தப் பாதிக் கணக்கும் போய், "ஏறக்குறைய" என்ற சொல் மட்டும் மிஞ்சியது. நீதிமன்றத்தில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். 2021 டிசம்பரில் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் நடப்புக்கு வந்து வாக்காளர் பட்டியல் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாக உயர்ந்தபோது, யாரும் ஒரு எல்லைக்கோட்டைக்கூட நகர்த்தாமலேயே பெரிய தொகுதிகள் இன்னும் வீங்கின. எந்தச் சீர்திருத்தத்தை முதலில் கேட்பீர்கள் என்று என்னைக் கேட்டால், அந்த 15 விழுக்காட்டு வரம்பைத் திரும்ப எழுதச் சொல்வேன். வேண்டுமானால் 20ஆக இருக்கட்டும். எண் என்று ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு 2013ஆம் ஆண்டுத் தேர்தலே போதுமான சாட்சி. எதிரணியான மக்கள் கூட்டணி கிட்டத்தட்ட 51 விழுக்காடு ஓட்டு வாங்கி 89 இடங்களில் நின்றது. 47 விழுக்காட்டோடு ஆளும் தேசிய முன்னணி 133 இடங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது. அதற்கு முன் 2004இல் தேசிய முன்னணி பெற்றது 64 விழுக்காட்டை ஒட்டிய ஓட்டு. கிடைத்ததோ 219இல் 198 இடம், அதாவது பத்தில் ஒன்பது பங்கு. எல்லைக்கோடுகள் இதில் ஒரு பாதிதான். மறுபாதி, ஒருவர் மட்டுமே வெல்லும் தொகுதி முறை. எல்லாத் தொகுதிகளையும் தராசில் வைத்ததுபோல் சமமாக்கினாலும் இந்தக் கோணல் முழுவதும் நிமிராது.

ஓட்டு எண்ணும் வகுப்பறையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். நம் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்போட வருகிறவர்களை வயதுவாரியாகச் சாலூரான்களில், அதாவது தனித்தனி ஓட்டு அறைகளில், பிரிப்பார்கள். முதல் சாலூரானில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்ட, முகவர்கள் குறித்துக்கொள்வார்கள். முடிவில் அந்தச் சாலூரானுக்கென்று பாரம் 14 என்ற முடிவுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தாகிறது, முகவருக்கும் ஒரு படி கிடைக்கிறது. ஆக, எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எந்த வயதினர் யாருக்குப் போட்டார்கள் என்பது மறுநாள் காலையிலேயே கட்சி அலுவலகத்தின் மேசையில் இருக்கும். தோற்பது உறுதியான இடத்துக்கும், வெல்வது உறுதியான இடத்துக்கும் வேட்பாளர் எத்தனை முறை வருவார் என்பதை அந்தத் தாள்கள் தீர்மானிக்கின்றன. கட்சிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வெற்றி எல்லையில் இருக்கும் சில ஆயிரம் பேருக்கு மட்டும் விலை வைக்கும் முறை இது.

நியூசிலாந்து இதே வலியைப் பட்டிருக்கிறது. 1978லும் 1981லும் கூடுதல் ஓட்டு வாங்கிய தொழிற்கட்சி குறைவான இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. 1993ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் மக்கள் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1996இல் அது நடப்புக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டின் விகிதத்துக்கு இடங்கள் குறைந்தால் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். நம் நாட்டிலும் இது புதிய பேச்சு இல்லை. 2018இல் அமைக்கப்பட்டு, தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவர் அப்துல் ரஷிட் அப்துல் ரஹ்மான் தலைமை தாங்கிய தேர்தல் சீர்திருத்தக் குழு இதையெல்லாம் அலசியது. எனக்குப் பிடித்தது கலப்பு முறைதான். வடிகால் அடைத்துக்கொண்டால் கூப்பிட நம் ஊருக்கென்று ஒரு உறுப்பினர் வேண்டும் என்ற எண்ணம் மலேசியர்களுக்கு ஊறிப்போயிருக்கிறது. அதைத் தூக்கி எறியும் எந்தத் திட்டமும் இங்கே எடுபடாது.

இப்போது உங்கள் நெஞ்சில் இருக்கும் மூன்றாவது கேள்வி. எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடுவோம். குடிமக்களில் நாம் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 222இல் அதற்கான பங்கு சுமார் 15 இடம். 2022இல் வென்ற இந்தியர்கள் பத்துக்கும் மேற்பட்டோர். பங்கைவிடக் குறைவுதான், ஆனால் "நமக்கு ஆளே இல்லை" என்ற பேச்சுக்கு இது ஆதாரம் ஆகாது. ஜெலுத்தோங், பத்து, கிள்ளான், ஈப்போ பாராட், தாப்பா என்று இந்தியர் வென்ற தொகுதிகள் எல்லாமே கலப்புத் தொகுதிகள். பழைய கதையும் அதுவே. 1955இல் மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். தேசிய முன்னணியின் முன்னோடியான கூட்டணிக் கட்சி நிறுத்திய 52 பேரில் இந்தியர் கட்சியான ம.இ.கா.வினர் இருவர், இருவரும் வென்றார்கள். பிறர் ஓட்டில் வெல்வதுதான் தொடக்கத்திலிருந்தே நம் அரசியல். தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் பட்டணங்களின் ஓரங்களுக்குச் சிதறிய பிறகு நம் கூட்டம் அடர்த்தியாக இருக்கும் தொகுதிகள் இன்னும் குறைந்தன. அதிகம் உள்ளதாகச் சொல்லப்படும் கோத்தா ராஜாவிலேயே கால் பங்கை ஒட்டித்தான் இருக்கிறோம்.

சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு 2008 மார்ச் 8ஆம் தேதி தோற்றார். வென்றவர் எதிரணியில் நின்ற டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். இந்திய உறுப்பினர்களின் எண்ணிக்கையில் அந்தத் தொகுதியால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் அன்றிரவு நாட்டில் என்ன மாறியது என்பது இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய 2007 நவம்பர் 25 கோலாலம்பூர்ப் பேரணியை நினைவு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். 2004இல் போட்டியிட்ட ஒன்பது இடங்களையும் வென்ற ம.இ.கா. 2008இல் மூன்றுக்கு இறங்கியது. அதன் பிறகுதான் எல்லாக் கட்சிகளும் தமிழ்ப்பள்ளி மானியத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசத் தொடங்கின. உறுப்பினர் யாரைக் கண்டு பயப்படுகிறார், யாருடைய ஓட்டு போய்விட்டால் தோற்றுப்போவார் என்பதுதான் நாடாளுமன்றத்தில் ஒரு சமூகத்தின் பலம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் இரண்டாம் பட்சம்.

அதனால்தான் இட ஒதுக்கீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. 15 நாற்காலிகளில் நம் பெயரை எழுதிவிட்டால் மீதமுள்ள 207 பேர் நிம்மதியாகிவிடுவார்கள்: "உங்களுக்குத்தான் உங்கள் ஆள்கள் இருக்கிறார்களே, அங்கே போய்ச் சொல்லுங்கள்." மொரீஷியஸில் 62 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு, குறைவாகப் பிரதிநிதித்துவம் பெற்ற சமூகங்களுக்கென்று தோற்றவர்களில் எட்டுப் பேர் வரை சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு வேட்பாளரும் தாம் எந்தச் சமூகம் என்று மனுவிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அது வழக்கும் வம்புமாகத்தான் வளர்ந்தது. சிங்கப்பூர் 1988 முதல், பலர் ஒரே அணியாக நிற்கும் குழுத் தொகுதிகளில் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. அங்கே ஆள் கிடைப்பது உறுதி. அந்த ஆளை உள்ளே கொண்டுவருவது அவருடைய குழுத் தலைவரின் செல்வாக்கு. நமக்கும் மேலவையில் இப்படி ஒரு வாசல் ஏற்கெனவே உண்டு. சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர் என்ற தகுதியில் ஒருவரைச் செனட்டராக நியமிக்கலாம் என்று 45ஆவது விதி சொல்கிறது. அப்படி வந்தவர்கள் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

விகிதாச்சார முறை இந்தக் கணக்கை எப்படி மாற்றும்? கணிதம் மட்டும் நிச்சயம். நாடு முழுவதும் ஒரே பட்டியல், 5 விழுக்காடு குறைந்தபட்ச வரம்பு என்று வைத்தால், இந்தியர்களை மட்டும் நம்பி நிற்கும் கட்சி உள்ளே வர நம்மில் நாலு பேரில் மூன்று பேர் அதற்கே ஓட்டுப் போட வேண்டும். அப்படி ஒரு ஒற்றுமையை நான் கண்டதில்லை, விரும்பவும் இல்லை. மாநிலவாரிப் பட்டியல் என்றால் சிலாங்கூரின் 22 இடங்களில் ஒன்றை உறுதியாகப் பெற 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போதும். பினாங்கின் 13இல் ஒன்றுக்கு 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மூன்றே இடமுள்ள பெர்லிஸில் 25 விழுக்காடு. சில மாநிலங்களில் நமக்கு வாசல் திறக்கும், பல மாநிலங்களில் மூடியே இருக்கும். இதற்கு மேல் சொல்வதெல்லாம் ஊகம். மலாய் ஓட்டும் சீன ஓட்டும் இரண்டாகப் பிரியும் கலப்புத் தொகுதியில் இன்று நம் 15 விழுக்காடு யார் வெல்வார் என்பதைத் தீர்மானிக்கிறது. விகிதாச்சாரத்தில் அந்தத் திருப்பும் சக்தி கரையும். அதற்குப் பதிலாகச் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு ஓட்டும் கணக்கில் சேரும். எது லாபம் என்று அடித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன். பட்டியலில் யார் எத்தனையாவது என்பதைக் கட்சித் தலைமை மட்டுமே எழுதும் மூடிய பட்டியல் நமக்கு ஆபத்து. 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் இடத்தை இழக்கிறார். 2020இல் கட்சித்தாவலால் ஆட்சி கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் அதை வரவேற்றோம். ஆனால் இதோடு மூடிய பட்டியலும் சேர்ந்தால், உறுப்பினர் பயப்பட வேண்டிய ஒரே ஆள் தலைவர்தான். இலங்கையில் மாவட்டப் பட்டியலில் வாக்காளர்களே மூவர் வரை விருப்பு வாக்கு இடலாம். அதில் ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளும் கேடு உண்டு, செலவும் ஏறும். இருந்தும் மூடிய பட்டியலைவிட அதையே எடுப்பேன்.

இதெல்லாம் நடக்குமா? அரசியலமைப்பைத் திருத்த மக்களவையில் 148 ஓட்டும் மேலவையில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சபாவும் சரவாக்கும் சேர்ந்து 56 இடங்களை வைத்திருக்கின்றன. அவர்களை ஒதுக்கிவிட்டு 148ஐ எட்டுவது கனவு. அவர்களுக்கும் ஒரு நியாயமான முறையீடு உண்டு. 1963இல் 159 இடங்களில் மலாயாவுக்கு 104, சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றுக்கும் 55, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சிங்கப்பூர் 1965இல் விலகியது. அந்தப் பங்கு இன்று கால்வாசி. மூன்றில் ஒன்றைத் திரும்பக் கேட்கிறார்கள். மக்களவையில் அதைக் கொடுத்தால் இகான் போன்ற தொகுதிகள் இன்னும் சிறுத்து, பாங்கி வாக்காளரின் எடை இன்னும் குறையும். மேலவையில் கொடுத்தால் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தடுக்கும் சக்தி அவர்களுக்குக் கிடைத்துவிடும், மக்களவையும் சமமாக இருக்கும். இந்தப் பேரத்தை வெளிப்படையாகப் பேசும் தைரியம் தீபகற்பக் கட்சிகளுக்கு வர வேண்டும்.

இந்தப் பேரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1957இல் மேலவையில் மாநிலங்கள் அனுப்பியவர் 22, நியமனம் 16. இன்று 26க்கு 44. ஆனால் 45ஆவது விதியின் 4ஆவது உட்பிரிவு, மாநிலத்துக்கு மூன்று செனட்டர் என்று உயர்த்தவும், அவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும், நியமனங்களைக் குறைக்கவும் சாதாரணச் சட்டம் போதும் என்கிறது. மூன்றில் இரண்டு தேவையில்லை. சிலாங்கூர் முழுவதும் ஓட்டுக் கேட்டு வரும் ஒரு செனட்டர் வேட்பாளர் கிள்ளானையும் ரவாங்கையும் பந்திங்கையும் தாண்டிப் போக முடியாது. இதைக் கேட்டு யாரும் ஊர்வலம் போனதாக நான் பார்த்ததில்லை.

கடைசியாக, உங்கள் கையில் உடனே இருப்பது தொகுதி மறுசீரமைப்பு, அதாவது தொகுதி எல்லைகளைத் திரும்ப வரையும் வேலை. தீபகற்பத்தின் கடந்த சீரமைப்பு 2018 மார்ச் 28ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. ஒன்று முடிந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்கலாம் என்பதால் 2026 மார்ச்சுக்குப் பிறகு எப்போதும் அறிவிப்பு வரலாம். வரைபடத்தைப் பார்வைக்கு வைத்து ஒரு மாதம் தருவார்கள். பாதிக்கப்படும் தொகுதியின் பட்டியலில் உள்ள நூறு வாக்காளர்கள் சேர்ந்து எழுத்தில் ஆட்சேபித்தால் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். நூறு பேர் எளிது என்று நினைப்பீர்கள். பிறையில் ஓர் அடுக்குமாடியின் கீழே மேசை போட்டுக் கையெழுத்து வாங்கியபோது, ஆர்வமாக வந்தவர்களில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது: குடியிருப்பது பிறையில், ஓட்டு இன்னும் பழைய தோட்டத்து முகவரியில். இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் அடையாள அட்டை முகவரியை மாற்றித் தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். புதிய துணைப் பட்டியல் அரசிதழில் வந்தால்தான் அது செல்லும். கோலாலம்பூருக்கு மாற்றுகிறவர்கள் சட்டமன்ற ஓட்டை இழப்பார்கள், கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். விசாரணையில் இனக் கணக்கைப் பேசாதீர்கள், செவிசாய்க்க மாட்டார்கள். 13ஆவது அட்டவணையில் இரண்டு வாசல்கள் உள்ளன: எண்ணிக்கை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று, உள்ளூர்ப் பிணைப்பைக் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உங்கள் தாமானின் தமிழ்ப்பள்ளி, கோயில், சந்தை, கிளினிக் எல்லாம் கோட்டின் எந்தப் பக்கம் போகின்றன என்று வரைபடத்திலேயே குறித்து எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் எந்தத் தெருக்களிலிருந்து அந்தப் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தால் இன்னும் நல்லது.